கதையோடு வயதாகும் துப்பறிவாளர்: ப்யோம்கேஷ் பக்‌ஷி தொகுதிகள் மூன்று

சரதிந்து பந்தோபாத்யாய் வங்காள மொழியில் எழுதிய ப்யோம்கேஷ் பக்‌ஷி கதைகளின் ஆங்கிலத் தொகுதிகளில் மூன்றை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் சிறிய வாசகர் வட்டம் வாங்கி, ஒருவர் படித்தபின் மற்றவர் என்று கைமாற்றிப் படித்து முடித்திருக்கிறது. ஸ்ரீஜாதா குஹாவின் மொழிபெயர்ப்பில் பெங்குவின் 1999இல் வெளியிட்ட 'பிக்சர் இம்பர்ஃபெக்ட்', அதே மொழிபெயர்ப்பாளரின் 2006ஆம் ஆண்டுத் தொகுதியான 'தி மெனேஜரி', அருணவ சின்ஹா மொழிபெயர்த்த 'தி ரிதம் ஆஃப் ரிடில்ஸ்' ஆகியவை அந்த மூன்று நூல்கள். எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அரசு மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றியவர் என்று, துப்பறியும் கதை என்றதும் தமிழ்வாணனின் சங்கர்லாலை நினைத்துக்கொள்ளும் தலைமுறை அது. அத்தகைய வாசகர் ஒருவர் இந்த நூல்களை வாங்க விரும்பினால் நான் சொல்வது இதுதான்: முதல் தொகுதியிலிருந்து தொடங்காமல் 'தி மெனேஜரி'யை முதலில் வாங்குங்கள். அதைப் படித்தபின் மற்ற இரண்டும் தேவைப்படுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம், ப்யோம்கேஷ் வயதாகிற மனிதர் என்பதுதான். நாம் படித்து வளர்ந்த துப்பறிவாளர்கள் யாரும் மூப்படைவதில்லை. நமக்கு நரை விழுந்து, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் அதே இளமையோடு அடுத்த மாத நாவலுக்கு வந்து நிற்கிறார்கள். வங்காளத்திலும் சத்யஜித் ராயின் ஃபெலுடா 1965இல் அறிமுகமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் இளைஞராகவே இருக்கிறார். இதற்கு நேர்மாறாக, சையத் முஸ்தபா சிராஜின் கர்னல் நீலாத்ரி சர்க்கார் வழுக்கைத் தலையும் வெண்தாடியுமாக, பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் தேடித் திரியும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியாகவே கதைகளுக்குள் நுழைகிறார். அவர் முதியவர்தான், ஆனால் அவருக்கு வயதானதை நாம் பார்க்கவில்லை. ப்யோம்கேஷோ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞராக வந்து, மணம் முடித்து, தந்தையாகி, வாடகை வீட்டை விட்டுக் கல்கத்தாவின் தெற்கே கேயாதலாவில் சொந்த வீடு கட்டிக் குடியேறும் வரை நம் கண்ணெதிரே நகர்ந்துகொண்டே இருக்கிறார். அரசுப் பதவியும் சீருடையும் இல்லாத இந்தத் தனிமனிதருக்கு வயது ஏற ஏற, குற்றத்தைப் பார்க்கும் பார்வையும் மாறுகிறது. நான் இந்த நூல்களை மதிப்பது அந்த மாற்றத்துக்காகத்தான்.

'பிக்சர் இம்பர்ஃபெக்ட்' தொகுதியில் ஏழு கதைகள் உள்ளன. அவற்றுள் ஆறு 1930களில் எழுதப்பட்டவை. வேறொரு பெயரில் ஒரு மேன்சன் அறையில் தங்க வரும் ப்யோம்கேஷை, பின்னாளில் அவருடைய கதைகளை எழுதப்போகும் அஜித் முதன்முதலாகச் சந்திக்கும் கதை இதில் இருக்கிறது. கல்கத்தாத் தெருவில் நடந்துபோகிறவர்கள் நெஞ்சில் கிராமஃபோன் ஊசி பாய்ந்து இறந்து விழும் கதையும், நோயில் விழுந்து அறைக்குள் அடைபட்ட ஒரு முதியவருக்கு எத்தனை காவல் போட்டும் விலக்கப்பட்ட போதைப்பொருள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும் கதையும் இருக்கின்றன. இவை விறுவிறுப்பானவை, புத்திசாலித்தனமானவை. ஆயினும் இவற்றில் ஆங்கிலத் துப்பறியும் கதைகளின் செல்வாக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. கொலைக் கருவி எவ்வளவு விநோதமானது என்பதில் இளம் எழுத்தாளருக்கு இருந்த ஆசையும் தெரிகிறது. புதிரை விரும்பும் வாசகருக்கு இத்தொகுதி ஏமாற்றம் தராது. மனிதர்களை அறிய விரும்பும் வாசகர், ப்யோம்கேஷ் தம் வருங்கால மனைவி சத்யபதியைச் சந்திக்கும் கதையையும் தலைப்புக் கதையையும் படித்தால் போதும்.

அந்தத் தலைப்புக் கதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1932 முதல் 1936 வரை பத்துக் கதைகள் எழுதிய சரதிந்து, அதன்பின் ப்யோம்கேஷை விட்டுவிட்டார். 1938இல் பம்பாய்க்குச் சென்று திரைக்கதைகள் எழுதினார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் ப்யோம்கேஷிடம் திரும்பியது இந்தக் கதையில்தான். நோயிலிருந்து மீண்டுவரும் ப்யோம்கேஷ் சாந்தால் பர்கானா பகுதியில் ஒரு சிற்றூரில் மனைவியுடனும் நண்பருடனும் தங்கியிருக்கிறார். சத்யபதி மணிக்கணக்குப் பார்த்து மாதுளைச்சாறு கொண்டுவந்து கொடுக்கிறார். மறுத்துப் பேசாமல் ப்யோம்கேஷ் குடித்தாக வேண்டும். அந்த ஊரின் மேல்தட்டு மனிதர்கள் ஒன்றாக நின்று எடுத்துக்கொண்ட நிழற்படத்தின் பிரதிகள் காணாமல் போவதுதான் வழக்கு. சிறிய திருட்டுதான் என்றாலும், அதற்குள் ஓர் ஊரின் நாகரிகப் போர்வை முழுவதும் கிழிகிறது. உடல் தளர்ந்து, வெளியே போவதற்கு மனைவியிடம் அனுமதி கேட்கும் துப்பறிவாளரை எங்கள் வட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற தாதியம்மா மிகவும் ரசித்தார். நோயாளியின் பிடிவாதத்தையும் பராமரிப்பவரின் கண்டிப்பையும் இவ்வளவு அன்போடு எழுதிய துப்பறியும் எழுத்தாளரை அவர் இதற்குமுன் படித்ததில்லையாம்.

'தி மெனேஜரி'யில் நான்கு கதைகள். அவற்றுள் தலைப்புக் கதை ஒரு முழு நாவல். சத்யஜித் ராய் 1967இல் உத்தம் குமாரை வைத்து இதைத் திரைப்படமாக்கினார். படத்தைப் பார்த்தவர்களும் நாவலைப் படிக்க வேண்டும் என்பேன், ஏனெனில் நாவலின் உயிர் அதன் இடத்தில் இருக்கிறது. பம்பாய் மாகாணத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நிசாநாத் சென், கல்கத்தாவிலிருந்து சற்றுத் தொலைவில் கோலாப் காலனி என்ற பெயரில் ஒரு பண்ணையை அமைத்திருக்கிறார். அங்கே பூ வளர்க்கிறார்கள், மாடு வளர்க்கிறார்கள், பாலையும் பூவையும் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அனைவரும் உலகம் ஒதுக்கிவைத்தவர்கள்: மருத்துவம் செய்யும் உரிமை பறிக்கப்பட்ட மருத்துவர், முகத்தின் ஒரு பக்கம் வெந்துபோன வேதியியல் பேராசிரியர், திருடிச் சிறை சென்று வந்த கணக்கர், பேச்சு வராத இளைஞர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையும் ஒரு குடியிருப்பும் ஒரு பழங்கதையும் இருக்கின்றன. இரவில் யாரோ நிசாநாத்தின் சன்னல் வழியே பழைய மோட்டார் வண்டியின் உதிரிப் பாகங்களை எறிகிறார்கள். அதற்கான காரணத்தைத் தேடித்தான் ப்யோம்கேஷ் அங்கே போகிறார்.

தோட்டத்தில் பிறந்தவர்கள் இந்தக் காலனியை வேற்றிடமாகப் படிக்க முடியாது. வேலி போட்ட நிலம், அதற்குள் ஒரு பெரிய வீடு, சுற்றிலும் வேலைக்காரர்களின் குடியிருப்புகள், யார் எந்த நேரத்தில் எங்கே போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் வாழ்க்கை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மனிதரின் சொல் என்று இந்த அமைப்பு முழுவதும் நமக்குப் பழக்கமானது. எங்கள் கிராணி ஐயா நாவலின் நடுப்பகுதியிலேயே ஒரு கேள்வியை எழுப்பினார். நிசாநாத் நல்லவர், ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சோறும் கூரையும் தருகிறவர். ஆனால் அந்தக் காலனியை விட்டுப் போனால் வேறு கதியில்லாதவர்களாகப் பார்த்துத்தானே அவர் வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்? கருணைக்கும் இறுக்கிப் பிடிப்பதற்கும் இடையே உள்ள அந்தக் கோட்டைச் சரதிந்து வெளிப்படையாகப் பேசுவதில்லை. மனிதர்களின் நடத்தையில் காட்டிக்கொண்டே போகிறார். முன்பு பலருக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி, இப்போது தண்டனை பெற்றவர்களோடு ஒரே வேலிக்குள் வாழ்கிறார் என்ற செய்தியும் அதே அமைதியோடு வைக்கப்படுகிறது. பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட 1950களின் தோட்டத் துண்டாடலில் வீடும் வேலையும் ஒரே நாளில் கைவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் எங்கள் வட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். இந்த ஊரைத் தம் அரசியல் களமாகக் கொண்ட, மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கும்படி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலால்தான். உரிமையாளர் ஒருவரின் வாழ்நாளை நம்பியிருக்கும் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதை இவ்வூர் வாசகருக்கு நாவல் விளக்க வேண்டியதில்லை. அவர் அந்த அச்சத்தோடேயே படிப்பார்.

துப்பறியும் நாவல் என்ற வகையிலும் 'தி மெனேஜரி' உறுதியானது. பாத்திரங்கள் மிகுதி என்பதால் முதல் ஐம்பது பக்கங்களில் பெயர்களைக் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது. ப்யோம்கேஷ் இங்கே அவசரப்படுவதில்லை. பேராசிரியரோடு சதுரங்கம் ஆடுகிறார், தேநீர் குடிக்கிறார், பிறர் பேசக் கேட்கிறார். இளமைக் கதைகளில் முடிவில் எல்லோரையும் வியக்கவைக்கும் விருப்பம் அவரிடம் இருந்தது. இங்கே விடை கிடைத்த பிறகு அவரிடம் தெரிவது களைப்பும் வருத்தமுமே.

இதே தொகுதியில் என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய கதை, காணாமல் போன உயிலைப் பற்றியது. ராமேஸ்வர் ராய் என்ற முதியவர் ப்யோம்கேஷின் பழைய நண்பர். ஆண்டுதோறும் தவறாமல் வாழ்த்துக் கடிதம் எழுதுகிறவர், வேடிக்கையும் விடுகதையும் நிறைந்தவர். தம் முடிவு நெருங்கிவிட்டது என்று உணர்ந்து அவர் எழுதும் கடைசிக் கடிதத்தில் ஒரு புதிர் இருக்கிறது. இக்கதையில் கொலை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு முதியவரின் இறுதி விருப்பத்தை அவருடைய சொந்த வீட்டாரே மறைக்கப் பார்ப்பதும், மற்றொருவர் அதை மதித்துத் தேடுவதும்தான் இருக்கின்றன. சத்யபதிக்கு இதில் உரிய இடம் கிடைத்திருக்கிறது. எப்படி என்று சொன்னால் புதிர் அவிழ்ந்துவிடும். நகைத் திருட்டைப் பற்றிய கதை இத்தொகுதியில் வலுக்குறைந்தது.

முள்ளம்பன்றி முள்ளைக் கொலைக் கருவியாகக் கொண்ட நான்காவது கதை 1967இல் எழுதப்பட்டது. கணக்குப் பார்த்தால் ப்யோம்கேஷ் அப்போது அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும். அஜித் புத்தகப் பதிப்புத் தொழிலில் மூழ்கிவிட்டதால், ஆசிரியரே நேரடியாகக் கதையைச் சொல்கிறார். அந்த மாற்றத்தால் கதையின் மையம் துப்பறிவாளரை விட்டு விலகி, மனம் ஒட்டாமல் ஒரே கூரையின்கீழ் வாழும் இளம் தம்பதியான தேவாசிஷ், தீபா மீது விழுகிறது. ப்யோம்கேஷ் சில இடங்களில் மட்டுமே வந்துபோகிறார். துப்பறிவாளர் எப்போதும் மேடையில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கோ இதுவே அவருடைய முதுமைக்கு ஏற்ற வடிவமாகத் தெரிகிறது: இளையவர்களின் வாழ்க்கையை ஓரமாக நின்று பார்த்து, தேவையான நேரத்தில் மட்டும் கை நீட்டும் மூத்தவர் ஒருவரை இங்கே காண்கிறோம்.

மூன்றாவது தொகுதியான 'தி ரிதம் ஆஃப் ரிடில்ஸ்' சிறியது, மூன்றே கதைகள். முங்கேர் நகரில் பேய்க் கதை சொல்வதில் வல்லவரான வரதா என்பவரோடு பகுத்தறிவாளரான ப்யோம்கேஷ் மோதும் கதை சுவையானது. தோட்டத்து லயங்களில் இரவுக் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் வரதாவைப் பிடித்துப் போகும். ஆனால் இத்தொகுதியை வாங்க வேண்டிய காரணம் 'தி டெத் ஆஃப் அம்ரிதோ' என்ற கதை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த வட்டாரம் ஒன்றில், அவர்கள் போனபின் எஞ்சிய துப்பாக்கிகள் கள்ளச் சந்தையில் புழங்குகின்றன. நெல் ஆலைகளும் இரயில் நிலையமும் கொண்ட சாந்தால்கோலா என்ற சிற்றூருக்கு, அந்த ஆயுதங்கள் யார் கைவழியே போகின்றன என்று அறிய ப்யோம்கேஷ் அனுப்பப்படுகிறார். அருகில் உள்ள கிராமத்தில் எல்லோருடைய கேலிக்கும் ஆளாகும் அம்ரிதோ என்ற எளிய இளைஞன் இரவில் காட்டுக்குள் போய்ச் சுடப்பட்டு இறக்கிறான்.

இந்தக் கதையை உலகில் வேறெங்கு படித்தாலும் நல்ல கதைதான். சுங்கை சிப்புட்டில் படிக்கும்போது அதன் எடை கூடுகிறது. ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது எல்லா ஆயுதங்களும் ஒப்படைக்கப்படவில்லை. பல காடுகளுக்குள் மறைக்கப்பட்டன. 1948 ஜூன் 16 அன்று இவ்வூரை அடுத்த எல்பில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அது 1960 வரை நீடித்தது. போர் முடிந்த பிறகு துப்பாக்கிகள் எங்கே போகின்றன என்ற கேள்வி எங்கள் ஊரின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெரிய அரசியலின் ஆயுதம் கடைசியில் காட்டோரத்தில் ஓர் அப்பாவியைத்தான் முதலில் வீழ்த்துகிறது என்பதைச் சரதிந்து ஒரு குற்றக் கதையின் அளவுக்குள் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அம்ரிதோவை முதல் சில பக்கங்களிலேயே நாம் நேசிக்கும்படி எழுதியிருப்பதால், அவன் சாவு ஒரு துப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

மொழிபெயர்ப்புகளைப் பற்றி. ஸ்ரீஜாதா குஹாவின் ஆங்கிலம் நிதானமானது, சில இடங்களில் சற்று விறைப்பானது. 1930களின் கதைகளில் அந்த விறைப்பு பொருந்துகிறது. கணவன் மனைவி பேச்சில் மட்டும் இன்னும் நெகிழ்வு இருந்திருக்கலாம். அருணவ சின்ஹாவின் நடை வேகமும் தெளிவும் உடையது. ஆங்கிலம் படிக்கத் தயங்கும் நம் மூத்த வாசகர்கள் அவருடைய தொகுதியில் எளிதாக நுழைய முடியும். மூன்று நூல்களையும் நாங்கள் இணையவழியில்தான் வரவழைத்தோம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியவர்கள் மின்நூலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எனக்கு உறுத்திய ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்கதைகளின் உலகம் கல்கத்தாவின் படித்த நடுத்தர வர்க்கத்தின் உலகம். ப்யோம்கேஷின் வீட்டு வேலையாள் புண்டிராம் எத்தனையோ கதைகளில் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார். அவருக்கென்று ஒரு வீடு, ஒரு கவலை, ஒரு கருத்து இருப்பதாக எந்தக் கதையும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. சாந்தால் பகுதியில் நடக்கும் கதையிலும் சாந்தால் பழங்குடி மக்கள் பின்னணியாகவே இருக்கிறார்கள். துரையின் பங்களாவுக்குத் தேநீர் சுமந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கும்போது இந்த மௌனம் கண்ணில் படாமல் இருக்காது. எங்கள் தமிழாசிரியை இதனாலேயே முதல் தொகுதிக்குக் குறைந்த மதிப்பெண் தந்தார், நானும் அவரோடு உடன்படுகிறேன். கோலாப் காலனியைப் பற்றி எழுதிய காலத்தில் ஆசிரியரின் பார்வை விரிந்திருக்கிறது. ஆயினும் அங்கேயும் பேசும் உரிமை படித்தவர்களுக்கே மிகுதி.

இரண்டாவது குறை பதிப்பாளர்களின் தேர்வைச் சார்ந்தது. 1946ஆம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரத்தையும் விடுதலையை ஒட்டிய நாள்களையும் பின்னணியாகக் கொண்ட 'ஆதிம ரிபு' இந்த மூன்று தொகுதிகளிலும் இடம்பெறவில்லை. ப்யோம்கேஷின் நடுவயதைப் புரிந்துகொள்ள அதுவே முதன்மையான கதை. தம்மைச் சுற்றி நகரமே பற்றி எரியும்போது ஒரு தனிமனிதனின் கொலைக்கு விடை தேடுவதில் பொருள் உண்டா என்ற கேள்வியை அது எதிர்கொள்கிறது. 1936 வரையிலான இளைஞரும் 1950களின் முதிர்ந்த மனிதரும் தனித்தனியே நிற்க, இருவரையும் இணைக்கும் அந்தக் கதை விடுபட்டிருப்பதால், வரிசையாகப் படிக்கும் வாசகருக்கு ஒரு படி தவறியது போல் இருக்கும். அதனால்தான் 'தி மெனேஜரி', அடுத்து 'தி டெத் ஆஃப் அம்ரிதோ', அதன்பின் 'பிக்சர் இம்பர்ஃபெக்ட்' தலைப்புக் கதை என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன். முதியவரை முதலில் அறிந்துகொண்டு இளமைக்குத் திரும்பினால் அந்த இடைவெளி அவ்வளவாக உறுத்தாது. பதின்ம வயதுப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் மட்டும் கிராமஃபோன் ஊசிக் கதையிலிருந்து தொடங்கலாம். முள்ளம்பன்றிக் கதையில் வரும் மணவாழ்க்கைச் சிக்கல்களை அவர்கள் சில ஆண்டுகள் கழித்துப் படிப்பதே பொருத்தம்.